பன்னிரண்டரை அடி வீடும் பிள்ளையின் மூச்சும்: ரங்கூன் தாய்மார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை கோவில் தமிழ் வகுப்பு முடிந்து, பிள்ளைகள் ஒருவர் செருப்பை ஒருவர் போட்டுக்கொண்டு கலாட்டா செய்யும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் இந்தக் கேள்விகள் எல்லாம் வரும். "அக்கா, உங்க பையனுக்கு இளைப்பு குறைஞ்சிடுச்சாமே, என்ன பண்ணீங்க?" என்று ஆரம்பிக்கும். நான் டாக்டர் இல்லை. மூன்று வயதில் மாதம் இரண்டு முறை நெபுலைசர் வைத்துக்கொண்டிருந்த ஒரு பையனின் அம்மா, அவ்வளவுதான். அவனைத் தூக்கிக்கொண்டு அலைந்த ஒரு கிளினிக்கில் ஒன்றரை வருஷம் சிரப் மேல் சிரப் எழுதிக் கொடுத்தார்களே தவிர, வீட்டில் என்ன எரிக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்கத் தொடங்கியதும் தெரிந்துகொண்டவைதான் இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிட்டேன்.

வெளியே தெருவில் புகை, தூசி, சரி. வீட்டுக்குள் அப்படி என்ன இருக்கிறது?

நம் வீட்டை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். ரங்கூன் டவுனில் பாதிப் பேர் இருப்பது பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பது அடி நீளம் உள்ள வீட்டில். முன்னால் பால்கனி, பின்னால் அடுப்படியும் குளியலறையும், நடுவில் பலகைத் தடுப்பு போட்ட ஒன்றிரண்டு அறைகள். அந்த நடு அறைகளுக்கு ஜன்னல் கிடையாது. பிள்ளைகளை எங்கே படுக்க வைக்கிறோம்? அங்கேதான்.

இனி ஒரு நாளில் அந்த வீட்டுக்குள் எரிவதை எண்ணுங்கள். காலையில் சாமிக்கு ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை என்றால் கற்பூரமும் சாம்பிராணியும். கரண்ட் இல்லாத வேளையில் கரி அடுப்பு. மிளகாய் தாளிப்பு, ஙப்பி (பர்மியப் புளித்த மீன் விழுது) வறுவல். சாயங்காலம் தாத்தாவின் சுருட்டு. ராத்திரி கொசுவர்த்தி, மெழுகுவத்தி. கூடவே கீழ்வீட்டு ஜெனரேட்டர். இவ்வளவும் எரிந்து வரும் புகையில் பி.எம். 2.5 என்று சொல்லும் நுண்துகள் இருக்கிறது. ஒரு தலைமயிரின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும், மூக்கு முடியிலும் சளியிலும் சிக்காமல் நுரையீரலின் அடி வரைக்கும் போய்விடும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் திருத்திய அளவுப்படி, ஒரு கன மீட்டர் காற்றில் இது நாள் சராசரியாக 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஒரு சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஊதுபத்தி கொளுத்தினாலே அதைத் தாண்டிவிடும்.

அதே நிறுவனத்தின் கணக்கில், 2020இல் மட்டும் வீட்டுக்குள் சமையல் புகையால் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். அதில் 2,37,000 பேருக்கு மேல் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள்.

நாங்கள் எல்லாம் விறகு அடுப்புப் புகையில்தானே வளர்ந்தோம், எங்களுக்கு என்ன ஆனது?

இது பெரியவர்கள் கேட்பது. கேட்பவரைப் பார்த்தால் பெரும்பாலும் காலையில் எழுந்ததும் கால் மணி நேரம் இருமுபவராக இருப்பார், அதைச் சொன்னால் சண்டை வரும்.

முதலில், அந்தக் காலத்தில் அடுப்படி தனியாக, கீற்றுக் கொட்டகையில், நாலு பக்கமும் திறந்து கிடந்தது. இப்போது அதே அடுப்பை மூன்றாவது மாடியில் ஒரு பொந்துக்குள் வைத்திருக்கிறோம். இரண்டாவது, பிள்ளையின் மூச்சுக் கணக்கு வேறு. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம், பிறந்த குழந்தை 30 முதல் 60 தடவை விடும். உடம்பு எடைக்குக் கணக்குப் பார்த்தால் நம்மைவிட அது இழுக்கும் காற்று மிக அதிகம். அதன் மூச்சுக்குழாய் குறுகல், லேசாக வீங்கினாலே அடைத்துக்கொள்ளும். நுரையீரல் வளர்ந்து முடிய இருபது வயது ஆகிவிடும், அதனால் இப்போது நிற்கும் வளர்ச்சியைப் பின்னால் மருந்து கொடுத்து மீட்க முடியாது. அப்புறம், பள்ளிக்கூடம் போகாத பிள்ளை நாள் முழுக்க வீட்டிலேயே, அதுவும் அடுப்படியில் அம்மாவின் இடுப்பிலேயே இருக்கும்.

எங்கள் வீட்டில் புகை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மெஷின் வாங்க வேண்டுமா?

மெஷின் வேண்டாம். ஒரு ஊதுபத்தி போதும். (பிரச்சினையே ஊதுபத்தி, அதை வைத்தே கண்டுபிடிக்கச் சொல்கிறாளே என்று சிரிக்காதீர்கள். ஒரே ஒரு நாள், இரண்டு நிமிடம், பிள்ளை வீட்டில் இல்லாதபோது.)

சாயங்காலம் ஆறு மணிக்கு, விசிறி எல்லாம் நிறுத்திவிட்டு, ஊதுபத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் நில்லுங்கள். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். அப்புறம் வாசல் கதவடியில், படுக்கை அறைத் தடுப்புக்கு மேலே, குளியலறை ஜன்னலில் என்று ஒவ்வொரு இடமாகப் பிடியுங்கள். நான் செய்தபோது வயிற்றைக் கலக்கியது. என் வீட்டுக் காற்று அடுப்படியிலிருந்து முன்பக்கம் போகும் என்று நாலு வருஷமாக நினைத்திருந்தேன். புகையோ வாசல் கதவடியிலிருந்து உள்ளே நேராக வந்து, தடுப்புக்கு மேல் இருந்த ஒரு சாண் இடைவெளி வழியாகப் பையன் படுக்கும் அறைக்குள் சாவகாசமாக இறங்கியது. கதவுக்கு வெளியே மாடிப்படி. படிக்கு அடியில் கீழ்வீட்டுக்காரரின் ஜெனரேட்டர். அவன் இளைப்பு கரண்ட் இல்லாத ராத்திரிகளில் அதிகமானதற்குக் கொசுவையும் புழுக்கத்தையும் காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கே பழைய லொங்கி ஒன்றை நீளமாகச் சுருட்டிக் கதவடியில் வைத்தேன். ஜெனரேட்டர் இடம் மாற ஒரு மாதம் ஆனது, அது வேறு கதை.

ஜெனரேட்டர் பால்கனியில்தானே இருக்கிறது, புகை வெளியேதானே போகும்?

போகாது. இதற்கு மட்டும் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன், ஏனென்றால் மற்றதெல்லாம் மெல்லக் கெடுப்பது, இது ஒரே ராத்திரியில் குடும்பத்தையே முடித்துவிடும். ஜெனரேட்டரிலும் கரியிலும் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, கண் எரியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, தலைசுற்றல், வாந்தி வருவது போல் இருக்கும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் படுத்துவிடுவோம். வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலிக்கிறது, வெளியே போனால் சரியாகிறது என்றால் அது சாப்பாடு இல்லை. உடனே எல்லோரையும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுங்கள், ஜன்னல் திறப்பதற்கு நிற்க வேண்டாம், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போய் ஆக்சிஜன் வைக்க வேண்டும்.

இதில் ஒரு பெரிய ஏமாற்று இருக்கிறது. 2021 ஜூலையில் ஊரே ஆக்சிஜன் சிலிண்டருக்கு வரிசையில் நின்றபோது நம்மில் பலர் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வாங்கி வைத்தோமே, அதை நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஏறிய ரத்தமாகவே படிக்கும், 98 என்று காட்டும், பிள்ளை மயக்கத்தில் கிடக்கும்.

ஜெனரேட்டர் ஜன்னலிலிருந்தும் கதவிலிருந்தும் 20 அடியாவது தள்ளி, புகைபோக்கி வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். டவுனில் 20 அடிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். அப்படியென்றால் மாடி வீட்டில் ஜெனரேட்டரே கூடாது என்றுதான் அர்த்தம். நாலு குடும்பம் சேர்ந்து தெருவில் ஒன்று வைப்பது, இல்லாவிட்டால் பேட்டரியில் ஒரு விளக்கும் ஒரு சின்ன விசிறியும் மட்டும் போட்டுக்கொள்வது. பேட்டரிக்கும் ஒரு வார்த்தை: தண்ணீர் ஊற்றும் ரகமாக இருந்தால் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜனும் அமில ஆவியும் கிளம்பும், படுக்கை அறையில் கட்டிலுக்கு அடியில் வைக்காமல் பின்பக்கம் காற்று வரும் இடத்தில் வையுங்கள்.

கரி அடுப்பில் விறகு மாதிரி புகையே வருவதில்லையே, அது நல்லதுதானே?

கண்ணுக்குத் தெரியும் புகை குறைவு, உண்மை. ஆனால் மேலே சொன்ன கார்பன் மோனாக்சைடு கரியில் அதிகம். அதனால்தான் "புகை அடங்கிவிட்டது" என்று கரி அடுப்பை உள்ளே தூக்கி வைப்பது விறகைவிட ஆபத்து. மழை நாளில், குளிருக்காக, குழந்தை பெற்றவளுக்குச் சூடு வைப்பதற்காக, எதற்காகவும் மூடின அறையில் கரி வைக்காதீர்கள்.

கேஸ் வாங்கக்கூடியவர்கள் கேஸ், கரண்ட் வரும் நேரத்துக்குச் சமையலை மாற்ற முடிந்தவர்கள் கரண்ட். "மீ லாபி!" (கரண்ட் வந்தாச்சு) என்று தெருப் பிள்ளைகள் கத்தியதும் நான் முதலில் செய்வது ரைஸ் குக்கரைத் தட்டுவது, போன் சார்ஜ் எல்லாம் பிறகு. நடுராத்திரியில் கரண்ட் வந்தாலும் எழுந்து சோறு வைத்திருக்கிறேன், காலையில் புளிச்சோறு. இதெல்லாம் ஒரு வாழ்க்கையா என்று என் வீட்டுக்காரர் கேட்பார், நியாயமான கேள்விதான்.

மண்ணெண்ணெய் ஸ்டவ் வேண்டவே வேண்டாம். வீட்டுக்குள் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2014இலேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. கரிதான் வழி என்றால் அடுப்பைப் பின் பால்கனியின் ஓரத்துக்குத் தள்ளுங்கள், பற்ற வைக்கும் முதல் பத்து பதினைந்து நிமிடம்தான் மகா மோசம், அந்த நேரத்தில் பிள்ளை முன்பக்கம் இருக்கட்டும். பற்ற வைக்கப் பிளாஸ்டிக் பை, ரப்பர் துண்டு போடுவதை நிறுத்துங்கள். பருப்பை ஊற வைத்தால் அடுப்பு நேரம் பாதியாகும், பானைக்கு மூடி போட்டால் இன்னும் குறையும்.

கேஸுக்கு மாறிவிட்டால் நிமோனியா வராதா?

அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2018இல் தொடங்கி குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, அப்புறம் நம் தமிழ்நாட்டில் விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கம் என்று நாலு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்தார்கள், மீதிப் பேர் விறகிலேயே சமைத்தார்கள். கேஸ் வீடுகளில் புகை நன்றாகவே குறைந்தது. ஆனால் 2024இல் முடிவு வந்தபோது, ஒரு வயதுக்குள் வரும் கடும் நிமோனியா இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. எனக்கும் இதைப் படித்தபோது சப்பென்று ஆகிவிட்டது.

ஆனால் இதற்கு முன்னால் குவாத்தமாலாவில் கர்க் ஸ்மித் என்பவரின் குழு புகைபோக்கி வைத்த அடுப்பைக் கொடுத்துப் பார்த்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், டாக்டர்கள் கண்டறிந்த நிமோனியா மொத்தத்தில் தெளிவாகக் குறையாவிட்டாலும், ஆக்சிஜன் இறங்கும் அளவுக்குப் போகும் கடும் வகை மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஆக நிமோனியாவுக்குப் பல காரணம் இருக்கிறது: தடுப்பூசி, சாப்பாடு, தாய்ப்பால், ஒரே அறையில் ஏழு பேர் படுப்பது. அடுப்பை மாற்றுவது அதில் ஒன்று. ஊசி போடுவதை விட்டுவிட்டு அடுப்பை மட்டும் மாற்றிப் பயனில்லை. இளைப்பு, இருமல், கண் எரிச்சல், சூட்டுக்காயம் இவற்றுக்காகவே அடுப்பை மாற்றலாம்.

குழந்தைக்குத் தலை குளிப்பாட்டிச் சாம்பிராணி போடாவிட்டால் சளி பிடிக்கும் என்கிறார் மாமியார். என்ன சொல்வது?

இந்தப் பக்கத்திலேயே கஷ்டமான கேள்வி இது.

சாம்பிராணி போடுவது தலை ஈரம் காய. ஈரம் காய வைக்க ஒரு பருத்தித் துண்டு போதும், முடி இருப்பதே நாலு. ஆனால் கனல் கரியில் சாம்பிராணியைத் தூவி, கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் இருபது நாள் குழந்தையின் தலையைக் காட்டும்போது, அது நிமிடத்துக்கு நாற்பது ஐம்பது மூச்சு விடுகிறது, ஒவ்வொன்றிலும் கரிப்புகையும் பிசின் புகையும்.

மாமியாரிடம் விஞ்ஞானம் பேசி நான் தோற்றேன். எங்கள் வீட்டில் முடிந்தது வேறு மாதிரி. "அத்தே, நீங்க சாம்பிராணி போடுங்க, சாமி அறைக்குப் போடுங்க, பிள்ளையோட துணிக்குக்கூட வேண்டாம், நான் அவனை முன்னாடி வச்சு வெயில் காட்டுறேன்" என்றேன். அவருக்குச் சாம்பிராணி போட்டாயிற்று, எனக்குப் பிள்ளை புகையில் இல்லை. வாசனை வீடு முழுக்க வந்தது, அது போதும் அவருக்கு. ஜன்னலைத் திறந்து வைத்து, முடிந்ததும் தணலைப் பின்பக்கம் எடுத்து வைத்துவிட்டோம். பூஜையில் ஊதுபத்தி கட்டாக ஏற்றும் வழக்கம் இருந்தால் ஒன்றாகக் குறையுங்கள். கற்பூரத்தைப் பிள்ளை கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது, கல்கண்டு என்று நினைத்து ஒரு துண்டு விழுங்கினாலே வலிப்பு வரும்.

கொசுவர்த்தி வைக்காமல் டெங்கு வந்தால் என்ன செய்வது?

நியாயமான பயம். ஆனால் 2003இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று அளந்திருக்கிறார்கள். கதவைச் சாத்தி, கட்டிலுக்குக் கீழே வைத்து, எட்டு மணி நேரம். அதோடு டெங்குக் கொசு பகலில் கடிப்பது, விடிந்ததும் ஒரு தடவை, பொழுது சாய்வதற்கு முன்னால் ஒரு தடவை அதிகம். ராத்திரி முழுக்கச் சுருள் எரித்து அதைத் தடுக்க முடியாது.

கொசுவலைதான். பகல் தூக்கத்துக்கும் வலை கட்டுங்கள், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். தண்ணீர் டிரம்மை மூடி, வாரம் ஒரு நாள் உள் சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள், முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. பூந்தொட்டித் தட்டு, சாமிக்கு வைத்த பூச்சாடித் தண்ணீர் இரண்டையும் மறக்காதீர்கள். சுருள் வைத்தே ஆக வேண்டும் என்றால் பால்கனியில், பிள்ளை படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால்.

தாத்தா பால்கனியில் போய்த்தான் சுருட்டுப் பிடிக்கிறார். பரவாயில்லையா?

உள்ளே பிடிப்பதைவிட நல்லது. ஆனால் பால்கனிக் கதவு திறந்திருந்தால் காற்று உள்ளேதான் தள்ளும். பிடித்த கையோடு வந்து பேரனை மடியில் வைத்தால் சட்டை, மீசை, விரல் எல்லாவற்றிலும் ஒட்டியிருப்பது பிள்ளைக்குப் போகும். சட்டையை மாற்றி, கை கழுவி, வாய் கொப்பளித்துவிட்டுத் தூக்கச் சொல்லுங்கள். பர்மாக்காரர்கள் சேபோலெய் என்று சொல்லும் பச்சை இலைச் சுருட்டு இயற்கையானது, சிகரெட் மாதிரி இல்லை என்றும் சொல்வார்கள். புகைக்கு இயற்கை செயற்கை கிடையாது. வெள்ளைக்காரன் இதற்கு வைத்த செரூட் என்ற பேரே நம் "சுருட்டு"தான், உலகத்துக்கு நாம் கொடுத்த வார்த்தைகளில் பெருமைப்பட முடியாத ஒன்று.

மழைக்காலத்தில் சுவரெல்லாம் பூஞ்சை. பெயின்ட் அடித்தால் போகுமா?

போகாது, ஒரு மாதத்தில் பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். சென்னையில் வருஷத்துக்குப் பெய்யும் மழையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இங்கே மே கடைசியிலிருந்து அக்டோபருக்குள் கொட்டிவிடுகிறது, சுவர் குடிக்காமல் என்ன செய்யும். முதலில் தண்ணீர் எங்கே நுழைகிறது என்று பாருங்கள்: மேல்வீட்டுக் குளியலறைக் குழாயா, ஜன்னல் விளிம்பா, மொட்டைமாடியா. அதை அடைக்காமல் செய்வதெல்லாம் வீண் வேலை.

துடைக்கும்போது சோப்புத் தண்ணீரும் தேய்க்கிற பிரஷ்ஷும் போதும், மூக்கைக் கட்டிக்கொண்டு, பிள்ளையை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டு. காய்ந்த பூஞ்சையை விளக்குமாறால் தட்டாதீர்கள், பறக்கும். ப்ளீச் போட்டால் அதோடு கக்கூஸ் கழுவும் ஆசிடைச் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும், என் சிநேகிதி ஒருத்தி அப்படிக் கலந்து குளியலறையிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தாள். பீரோவையும் கட்டிலையும் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். துணியைப் பிள்ளை படுக்கும் அறைக்குள் கொடி கட்டிக் காய வைக்காதீர்கள், துணியில் உள்ள தண்ணீர் எல்லாம் அந்தச் சுவருக்குத்தான் போகும். வெயில் அடிக்கும் ஒரு நாள் கிடைத்தால் மற்ற வேலையை விட்டுவிட்டு இலவம்பஞ்சுத் தலையணையையும் மெத்தையையும் வெளியே போடுங்கள்.

துணிப் பெட்டியில் அந்துருண்டை போடலாமா?

கைக்குழந்தையின் துணிக்குக் கூடவே கூடாது. இதைப் பலர் கேட்பதே இல்லை, நானாகச் சேர்த்த கேள்வி. ஜி6பிடி என்ற நொதி குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு, அந்துருண்டையில் இருக்கும் நாஃப்தலீன் வாசனை ஏறிய துணியோ போர்வையோ போர்த்தினால் ரத்தத்தின் சிவப்பணு உடைந்து கடும் மஞ்சள்காமாலை வரும், பச்சிளம் குழந்தைக்கு மூளை வரை பாதிக்கும். மலேரியா இருந்த ஊர்களில் இந்தக் குறைபாடு அதிகம், பர்மாவில் அபூர்வமே இல்லை, நம் ஆட்களிடமும் உண்டு. இருக்கிறதா என்று பிறக்கும்போது நமக்குத் தெரியாது. முதல் பிள்ளையின் துணியை எடுத்து வைத்திருந்து இரண்டாவதுக்குப் போடுவோமே, அதை இரண்டு தடவை துவைத்து நன்றாக வெயிலில் காய வைத்த பிறகுதான் போட வேண்டும். பூச்சிக்கு வேப்பிலை போடுங்கள், மாதம் ஒரு தடவை மாற்றினால் போதும்.

ஏர் ப்யூரிஃபையர், ஏசி, செடி?

ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது, உள்ளே இருப்பதையே குளிராக்கிச் சுற்றும். அதன் வலையை மாதம் ஒரு தடவை கழுவுங்கள்.

ப்யூரிஃபையரில் ஹெப்பா ஃபில்டர் இருந்தால் வேலை செய்யும், 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதம் பிடிக்கும் அளவுக்கு. ஆனால் அறை அளவுக்கு ஏற்றதாக வாங்க வேண்டும், ஃபில்டர் மாற்ற வேண்டும், கார்பன் மோனாக்சைடை அது தொடாது. கரண்ட் இருந்தால்தான் ஓடும், அதைச் சொல்லவே வேண்டாம். ஓசோன் விடும் ரகத்தை வாங்காதீர்கள், அது நுரையீரலை எரிக்கும்.

செடி அழகு. 1989இல் நாசா மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செய்த சோதனையை வைத்து இன்றைக்கும் விற்கிறார்கள். ஜன்னல் வழியாக இயல்பாக மாறும் காற்று செய்வதைச் செடி செய்ய, ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை வேண்டும் என்று 2019இல் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். நாம் எங்கே படுப்பது?

ஜன்னலை எப்போது திறப்பது, எப்போது சாத்துவது?

மழையில்லாத மாதங்களில், அதாவது டிசம்பரிலிருந்து ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டான திங்ஜான் வரைக்கும், விடியற்காலையிலும் ராத்திரியிலும் தெருப்புகை தரையோடு படிந்து நிற்கும். வெயில் ஏறி பத்து பதினோரு மணிக்கு மேல் காற்று மேலே கிளம்பும், அப்போது முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் சேர்த்துத் திறங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் நம் நீள வீட்டில் காற்று நகராது. தடுப்புக் கதவுகளையும் திறந்து விடுங்கள். தெருவில் ஜெனரேட்டர்கள் உறுமத் தொடங்கினால் தெருப்பக்கத்தைச் சாத்துங்கள். மழைக்காலத்தில் மழை விட்டதும் திறப்பதுதான், அதைவிடச் சுத்தமான காற்று நமக்கு வருஷத்தில் கிடைக்காது.

சமைக்கும்போது பின்பக்க ஜன்னல் திறந்திருக்க வேண்டும், படுக்கை அறைக் கதவு சாத்தியிருக்க வேண்டும், முடிந்து அரை மணி நேரம் வரைக்கும். பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது, பழைய பெயின்ட் உரிந்து விழும் வீடாக இருந்தால் கட்டாயம், அதில் ஈயம் இருக்கலாம், அதைக் காய்ந்தபடியே சுரண்டித் தேய்ப்பது வேண்டவே வேண்டாம்.

இன்ஹேலர் பழகிவிடும், சிரப்தான் நல்லது என்கிறார்களே?

இளைப்புக்குக் கொடுக்கும் சால்புடமால் மருந்து இன்ஹேலரில் ஒரு பஃப்புக்கு 100 மைக்ரோகிராம். அதே மருந்தைச் சிரப்பாகக் கொடுத்தால் ஒரு வேளைக்கு 2 மில்லிகிராம் போகும், அதாவது இருபது மடங்கு, அதுவும் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, பிள்ளையின் கை நடுங்கி, அப்புறம்தான் நுரையீரல். எது பழகக் கூடாத மருந்து என்று நீங்களே சொல்லுங்கள். சின்னப் பிள்ளைக்கு ஸ்பேசர், அதாவது இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டும் குழாய், வைத்துத்தான் கொடுக்க வேண்டும். அது கிடைக்காத இடத்தில் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் ஓட்டை போட்டுச் செய்ததும் கடையில் வாங்கியதைப் போலவே வேலை செய்கிறது என்று 1999இல் தென்னாப்பிரிக்காவில் பார்த்திருக்கிறார்கள். எப்படிச் செய்வது என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். அளவையும் அவரே சொல்லட்டும்.

எப்போது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது?

பிள்ளை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்து, முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள், அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம். இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ அன்றைக்கே டாக்டர். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால், குடிக்க முடியாமல் போனால், உதடு நீலம் பாய்ந்தால், எழுப்பினாலும் சொக்கினால், வலிப்பு வந்தால் காலை வரைக்கும் காத்திருக்காதீர்கள்.

வீடு மாற்றப் போகிறோம். எதைப் பார்த்து எடுப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்க்காதீர்கள், எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். வேலை நாளில் சாயங்காலம் ஆறரைக்கு, முடிந்தால் கரண்ட் இல்லாத நேரத்தில் போங்கள். கீழே டீக்கடையோ சாப்பாட்டுக் கடையோ இருந்தால் அவர்கள் அடுப்பு எந்தப் பக்கம் என்று பாருங்கள், பின் சந்தில் வைத்திருந்தால் உங்கள் அடுப்படி ஜன்னலுக்குத்தான் வரும். ஜன்னல் விளிம்பில் விரலை வைத்துத் தேய்த்தால் கறுப்பாக எண்ணெய்ப் பசை வரும் வீடு வேண்டாம். படிக்கட்டில் ஜெனரேட்டர் இருக்கிறதா, நடு அறைத் தடுப்புக்கு மேல் இடைவெளி எவ்வளவு, பின் ஜன்னல் திறக்கிறதா, இல்லை சாமான் அடுக்கி ஆணி அடித்திருக்கிறார்களா. அப்புறம் கைப்பையில் ஒரு ஊதுபத்தியும் தீப்பெட்டியும். போன வருஷம் தாக்கேட்டாவில் ஒரு வீட்டுக்குப் போய் நான் அதைக் கொளுத்தி ஒவ்வொரு மூலையிலும் பிடித்துக்கொண்டு நின்றபோது, கூட வந்த பர்மாக்காரப் புரோக்கர் நான் வீட்டுக்குப் பூஜை போடுகிறேன் என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். புகை நேராகப் பின் ஜன்னலுக்குப் போனது. மறுநாளே முன்பணம் கொடுத்துவிட்டோம்.